தலையளவு ஐம்பத்தி நாலு

முதலாவது வந்தது பித்தளைக் கழிவோடு.
ஹாம்பர்க்கில் ஏற்றி, தூத்துக்குடியில் இறக்கி,
லாரியில் குறிச்சி சிட்கோ.
குழாய்த் திருகு, கதவுக் குமிழ், உடைந்த மீட்டர் நடுவே
இறக்கை விரித்த ஒரு கழுகு.
உலை காய்ந்துகொண்டிருந்தது.
மருதாசலம் கிடுக்கியில் தூக்கிக் காட்டினான்:
"கருடனுங்களா? உருக்கீரலாமுங்களா?"
கருடன் என்று சொன்ன பிறகு
எவனுக்கு உருக்க மனசு வரும்.
மேசை இழுப்பறையில் போட்டேன்,
செலவுச் சீட்டுகளுக்கு அடியில்.

அது நெற்றித் தகடு என்று தெரியவே
இரண்டு வருஷம் ஆயிற்று.
இப்போது வீட்டு மாடியில் பதினோரு தலைக்கவசம்.
ஒன்றை 'மாதிரி உதிரிபாகம்' என்று கணக்கில் எழுதி
ஆடிட்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிப்பாயுடையது வேண்டாம் எனக்கு.
அதிகாரியுடையது மட்டும்.
உச்சிக் கூரின் அடித்தட்டு
சிலுவையாய் நாலு கால் விரித்திருக்க வேண்டும்.
ஒவ்வொரு காலிலும் குமிழாணிக்குப் பதில் ஒரு நட்சத்திரம்.
திருப்பிப் பார்த்தால்
முன்விளிம்பின் அடி பச்சை,
பின்விளிம்பின் அடி சிவப்பு.
உள்ளே பட்டு.
குண்டு பாயப்போகும் தலைக்கு
முகூர்த்தப் புடவைக் கொசுவம் போல
மடிப்பு மடிப்பாய்ப் பட்டு.

போலி நிறைய உண்டு.
கூரைக் கழற்றி மரையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.
முப்பது வருஷம் மரை வெட்டிச் சோறு தின்கிறவன் நான்.
மற்றவர்கள் பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவதை
என் கட்டைவிரல் சொல்லும்.

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி
கூரைத் தொட்டுப் பார்த்தார். "ஆயுதமா?"
"தொப்பிங்க."
"எதுக்கு?"
அந்தக் கேள்விக்கு அன்றைக்குச் சிரித்தேன்.

கோமளவல்லி ஒருநாள் துடைக்க வந்து
கதவருகிலேயே நின்றுவிட்டாள்.
"இவிங்க எத்தன பேரக் கொன்னிருப்பாங்க?"
பில்லில் அது இல்லை.
அளவு, படைப்பிரிவு, பழுது, விலை
இவ்வளவுதான் பில்லில்.
ஆடி வந்தால் கணவாய்க் காற்று ஈரத்தைக் கொண்டுவந்து
தோலில் பூஞ்சணம் கட்டும்.
அதற்குத்தான் ஏசி என்றேன்.
"மனுசருக்குப் போடச் சொன்னா கரண்டு பில்லுங்கறீங்க."

பதினோராவது போன மாசம் வந்தது.
உள்ளே ஐம்பத்தி நாலு என்று முத்திரை.
டேப்போடு உட்கார்ந்தேன், ஆபீசில், ஷிப்ட் மாறும் நேரம்.
என் தலை ஐம்பத்தெட்டு.
லேத்தில் புதுசாய்ச் சேர்ந்த ஐ.டி.ஐ. பையன்
ஐம்பத்தைந்தரை.
நெற்றிபடும் தோல்பட்டைக்குப் பின்னால் ஏதோ தடித்தது.
இடுக்கியால் இழுத்தேன்.
எட்டாய் மடித்த செய்தித்தாள்.

ஐம்பத்தி நாலே பெரிசாக இருந்திருக்கிறது அவனுக்கு.

முறுக்குப் பிழிந்த மாதிரி எழுத்து.
ஒன்றும் புரியவில்லை.
ஓரத்தில் பாதி கிழிந்த ஒரு விளம்பரப் படம்:
பிடி, உருளை, உள்ளே இறங்கும் தண்டு.
கைப்பம்பு.
கீழ்ப்பாதியோடு அடிவால்வு போய்விட்டது.
எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது மட்டும்தான்,
அதை நன்றாகவே வாசித்தேன்.
பிடியின் நீளத்தைப் பார்த்தால்
இருபதடி இழுக்கும், கூட இல்லை.
எங்கள் பக்கம் ஆயிரத்து இருநூறு அடியிலும்
புழுதிதான் வருகிறது.

விற்றவருக்கு எழுதிக் கேட்டேன்.
காகிதத்தை எடுக்காதீர்கள், மதிப்புக் குறையும் என்றார்.
எடுத்தாயிற்று.
அதே மடிப்பில் மடித்துச் செருகப் பார்க்கிறேன்,
போகமாட்டேன் என்கிறது.
நூறு வருஷமாய் இருந்த இடம்
ஒரு சாயங்காலத்தில் மூடிக்கொண்டது.

இழுப்பறையில் கழுகின்மேல் வைத்தேன் தாளை.
பிறகு, ஏனென்று தெரியாது,
அதுவரை செய்யாததைச் செய்தேன்.
தலைக்குள் இறங்கவில்லை.
குடத்தின்மேல் கவிழ்த்த டம்ளர் போல
உச்சியில் நின்றது.

மருதாசலம் வாசலில்.
பார்த்தான். சிரிக்கவில்லை.
"ஒலை தயாருங்க. ஊத்தலாமுங்களா?"

தலையசைத்தால் விழுந்துவிடும்.
"ஊத்து" என்றேன்.